மூன்று வருஷம் போதும் என்றவர்

ஓஹாயோ ஆற்றுக்கு வடக்கே

அக்கா மகன் லூயிவில் நகரத்தில் வேலை பார்க்கிறான். எனக்குச் சுற்றிக்காட்ட நயாகரா, சிகாகோ, வாஷிங்டன் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தான். நான் பிரெஞ்ச் லிக் போகவேண்டும் என்றேன்.

“அது எங்க மாமா இருக்கு?”

“ஆத்துக்கு அந்தப் பக்கம், இண்டியானாவுல. உன் வீட்ல இருந்து ஒண்ணரை மணி நேரம்.”

கைப்பேசியில் தேடிப் பார்த்தவனின் முகம் தொங்கிப்போனது. “ரெண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊரு. இதைப் பாக்கவா மாமா இவ்ளோ தூரம் வந்தீங்க?”

அவன் சென்னையில் வளர்ந்தவன். நான் பெரியகுளத்துக்காரன். எங்கள் ஊரில் கோடை பிறந்தால் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி. வங்கி அணி, ரயில்வே அணி, ராணுவ அணி எல்லாம் வந்து ராத்திரி விளக்கொளியில் ஆடும். மாந்தோப்புக் குத்தகைக்காரரும் மளிகைக்கடைக்காரரும் கேலரியில் உட்கார்ந்து கோச்சைவிட அதிகமாகச் சத்தம் போடுவார்கள். அந்தக் கேலரியில் வளர்ந்தவனுக்கு லேரி பேர்டின் ஊரைப் பார்க்கும் ஆசை வருவதில் அதிசயம் இல்லை.

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் ஆண்டின் மதிப்புமிக்க வீரர், ஆண்டின் சிறந்த பயிற்சியாளர், ஆண்டின் சிறந்த நிர்வாகி என்ற மூன்று பட்டங்களையும் வாங்கிய ஒரே ஆள் பேர்ட். முதல் பட்டம் 1984, 1985, 1986 என்று வரிசையாக மூன்று முறை. அதைப் பற்றி எழுதாதவர் கிடையாது. எனக்குப் புதிராக இருந்தது இரண்டாவது பட்டம். பெரிய ஆட்டக்காரர் நல்ல கோச் ஆவது அபூர்வம். தனக்குத் தானாக வந்தது அடுத்தவனுக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது என்று அவருக்குப் புரியாது, பொறுமையும் இருக்காது. பேர்டின் பரம எதிராளியாக இருந்து பிற்பாடு நண்பரான மேஜிக் ஜான்சன் 1994இல் லேக்கர்ஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். 16 ஆட்டம், 5 வெற்றி, 11 தோல்வி. போதும் சாமி என்று விலகிவிட்டார். பேர்ட் மட்டும் எப்படித் தப்பித்தார்?

பாலம் தாண்டி அரை மணி நேரத்தில் பெரிய சாலையை விட்டு இறங்கினோம். மேடும் பள்ளமுமான காட்டுப் பாதை. அக்டோபர் மாதம் என்பதால் மரங்களெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகப் பழுத்திருந்தன. வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தன. அநேகமாக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கூடை. ஒரு திருப்பத்தில் பாழடைந்த தானியக் கொட்டகை ஒன்று. கூரை பாதி சரிந்திருந்தது. சுவரில் அடித்த வளையம் மட்டும் நேராக நின்றது. வலை புதுசு. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1925இல் இந்த மாநிலத்துப் பள்ளிக்கூட இறுதிப் போட்டியைப் பார்த்துவிட்டு, ஆட்டம் மாசசூசெட்ஸில் பிறந்தாலும் அதன் மையம் இண்டியானாதான் என்று சொன்னதாகச் சொல்வார்கள். அந்த வலையைப் பார்த்தபின் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பிரெஞ்ச் லிக்

ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு பிரம்மாண்டமான ஹோட்டல்கள், அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்ன வீடுகள். பிரெஞ்ச் லிக்கும் அதை ஒட்டிய வெஸ்ட் பேடனும் ஒரு காலத்தில் கந்தக ஊற்றுகளுக்குப் பேர்போனவை. இங்கத்து ஊற்றுநீரைப் பாட்டிலில் அடைத்து ‘புளூட்டோ வாட்டர்’ என்ற பெயரில் பேதி மருந்தாக நாடு முழுக்க விற்றிருக்கிறார்கள். வெஸ்ட் பேடன் ஹோட்டலின் குவிமாடத்துக்குள் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். 1902இல் கட்டியது. 200 அடி குறுக்களவு, நடுவில் ஒரு தூண்கூட இல்லை. மருமகன் முதல்முறையாகக் கைப்பேசியைக் கீழே இறக்கினான்.

செல்வம் கொழித்த இடம், பிறகு நொடித்துப்போனது. 1934இல் ஏசு சபைக் குருமடமாக மாறியது. அதற்குப் பின் நார்த்வுட் என்ற கல்லூரி இங்கே நடந்தது. 1974இல் இண்டியானா பல்கலைக்கழகத்தை விட்டு ஓடிவந்த பேர்ட் கொஞ்ச நாள் எட்டிப்பார்த்தது அந்தக் கல்லூரியைத்தான். அதுவும் ஒத்துவரவில்லை. நகராட்சி வேலையில் சேர்ந்தார். குப்பை வண்டியில் தொற்றிக்கொண்டு போவது, புல் வெட்டுவது, சாலையில் கோடு போடுவது, பனி அள்ளுவது. அந்த வேலை தனக்குப் பிடித்திருந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு அந்தச் சம்பளம் தேவையாகவும் இருந்தது. ஆறு பிள்ளைகளில் நாலாமவர். தந்தை ஜோ கொரியப் போரிலிருந்து திரும்பியவர். மனக்காயங்களும் குடியும் கடனுமாக அலைக்கழிந்து 1975 பிப்ரவரியில் உயிரை மாய்த்துக்கொண்டார். தாய் ஜார்ஜியா உணவு விடுதிகளில் பரிமாறிப் பிள்ளைகளைக் கரையேற்றினார்.

மத்தியானம் சாப்பிடப் போன சின்னக் கடையில் எங்களுக்குப் பரிமாறிய அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். எதற்கு வந்தோம் என்று கேட்டார். சொன்னதும், “இந்தியாவிலிருந்தா? லேரிக்காகவா?” என்று சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மருமகனுக்கு இந்த மாநிலத்தின் பெருமைக்குரிய பன்றிக்கறி சாண்ட்விச் வந்தது. தட்டையாக அடித்துத் தூளில் புரட்டிப் பொரித்த கறி, ரொட்டிக்கு வெளியே நாலு பக்கமும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்து கடிப்பது என்று தெரியாமல் அவன் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எனக்குப் பெர்சிமன் புட்டிங். இந்தக் காட்டில் தானாகக் காய்க்கும் பழம். கனிந்து கீழே விழுந்தபின் பொறுக்குவார்களாம். கரும்பழுப்பு நிறம், கருப்பட்டி போட்டுக் கிண்டிய களி மாதிரி அடர்த்தி. இன்னொரு துண்டு கேட்டு வாங்கினேன்.

“அவன் காலை உடைத்துக்கொண்டது தெரியுமா?” என்றார் அந்த அம்மா. தெரியும். பள்ளியில் படிக்கும்போது கணுக்கால் முறிந்து, அந்த வருஷ ஆட்டம் போயிற்று. ஊன்றுகோலைச் சாய்த்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே ஃப்ரீ த்ரோ போட்டுப் பழகினான் பையன். மாவுக்கட்டு அவிழ்வதற்குள் கை பழகிவிட்டது. தொழில்முறை ஆட்டத்தில் அவர் போட்ட ஃப்ரீ த்ரோக்களில் நூற்றுக்கு 88க்கு மேல் உள்ளே விழுந்ததற்கு இதுதான் வித்து. உயரம் 6 அடி 9 அங்குலம். வேகம் கிடையாது, தாவலும் கிடையாது. பந்து எங்கே வரும் என்று எல்லாருக்கும் முன்னால் தெரியும், அவ்வளவுதான்.

ஜல்லிக் கதைதான் இந்த ஊரின் பெரிய கதை. 1985 கோடையில், நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டத்தை இரண்டு தடவை வாங்கிய மனிதர், தாயின் வீட்டு வண்டிப்பாதைக்குத் தன் கையால் ஜல்லி அள்ளிக் கொட்டினார். ஆள் வைத்துச் செய்ய முடியாதா? அது அவர் குணத்தில் இல்லை. அன்று பிடித்துக்கொண்ட முதுகு அவரை விடவே இல்லை. “நாங்கள் கேட்டிருந்தால் ஊரே வந்து அள்ளிப் போட்டிருக்கும்” என்றார் அந்த அம்மா. பிறகு யோசித்து, “கேட்கமாட்டான்” என்றார். அதே கோடையில்தான் ஷூ விளம்பரம் ஒன்றை எடுக்க மேஜிக் ஜான்சன் இந்த ஊருக்கு வந்தார். ஜார்ஜியா சமைத்துப் போட்டார். ஆறு வருஷமாக முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் அந்தச் சாப்பாட்டு மேஜையில்தான் முதல்முறையாக மனம்விட்டுப் பேசினார்கள்.

பெட்ஃபர்டு வழியாக புளூமிங்டன்

வடக்கே போகிற சாலையில் சுண்ணாம்புக்கல் குவாரிகள். எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குக் கல் போனது இந்தப் பக்கத்திலிருந்துதான். வெட்டி அடுக்கிய கல் பாளங்கள் சாலையோரம் வெயிலில் வெளுத்துக் கிடந்தன.

புளூமிங்டனில் நான் அதிக நேரம் இருக்கவில்லை; பேர்டும் இருக்கவில்லை. முப்பதாயிரம் மாணவர்கள் படித்த பல்கலைக்கழகம், சட்டைகூட மாற்றுக்கு இல்லாத பதினேழு வயதுப் பையன். ஒரு மாதம் முடிவதற்குள் மூட்டை கட்டி, 37ஆம் எண் சாலையில் லிஃப்ட் கேட்டு ஊர் திரும்பினான். இருந்திருந்தால் 1976இல் 32 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்காமல் கோப்பை வாங்கிய கோச் பாப் நைட்டின் அணியில் இருந்திருப்பான்.

நைட்டின் பெயரைச் சொன்னால் இந்த ஊரில் இன்றும் குரல் மாறுகிறது. நாற்காலியை கோர்ட்டுக்குள் வீசி எறிந்த கோபக்காரர், மூன்று தேசியக் கோப்பைகள் கொண்டுவந்தவர். ஆட்டக்காரராக அவர் 1960இல் கோப்பை வென்ற ஓஹாயோ ஸ்டேட் அணியின் மாற்று ஆள். பெரும்பாலும் பெஞ்ச். எங்கள் பக்கத்திலும் இதே கதைதான். நட்சத்திரமாக ஆடியவர் வங்கியிலோ ரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கி உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் விசிலோடு மைதானத்துக்கு வந்து பொடியன்களை ஓடவிடுகிறவர் அணியில் பத்தாவது ஆளாக இருந்தவராக இருப்பார். பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு ஆட்டத்தை முழுசாகப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

டெர் ஹோட்

வபாஷ் ஆற்றங்கரையில் உழைப்பாளிகளின் நகரம். கோகோ கோலாவின் வளைந்த பாட்டிலை 1915இல் வடிவமைத்த கண்ணாடித் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. அதைவிடப் பெரிய பெருமையாக இண்டியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அரங்கத்துக்கு வெளியே பேர்டின் வெண்கலச் சிலை நிற்கிறது. குதித்துப் பந்தை எறியப் போகிற பாவனை. 2024இல் நகரத்தில் அவருக்கு ஓர் அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்கள்.

அங்கே எங்களோடு சுற்றிவந்த பெரியவர் ஒருவர் 1979இல் இங்கே மாணவராக இருந்தவர். அந்த வருஷம் டெர் ஹோட்டில் யாரும் வேறு எதையும் பேசவில்லை என்றார். அதுவரை நாடு கண்டுகொள்ளாத கல்லூரி 33 ஆட்டங்களை வரிசையாக ஜெயித்து, மார்ச் 26 அன்று சால்ட் லேக் சிட்டியில் இறுதிப் போட்டிக்குப் போனது. எதிரே மேஜிக் ஜான்சனின் மிஷிகன் ஸ்டேட். 75க்கு 64. முதல் தோல்வி, அதுவே கடைசி ஆட்டம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இன்றுவரை அதைவிட அதிகப் பார்வை விகிதம் எந்தக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டத்துக்கும் கிடைத்ததில்லை. பேர்ட் துண்டால் முகத்தை மூடி அழுத படம் ஒன்று உண்டு. பெரியவர் அதைப் பற்றிப் பேசாமல் வேறு அலமாரிக்கு எங்களைக் கூட்டிப்போனார்.

பேர்ட் தொழில்முறையாக ஆடிய பாஸ்டன் என் பாதையில் இல்லை. அங்கே நடந்தது ஊரறிந்தது. 29 ஆட்டம் மட்டும் வென்றிருந்த செல்டிக்ஸ், பேர்ட் வந்த முதல் பருவத்தில் 61 வென்றது. 1981, 1984, 1986இல் கோப்பை. எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி வருஷங்கள். முதுகுவலியால் பெஞ்சில் உட்கார முடியாமல், கோர்ட் ஓரத்தில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, தலையை மட்டும் தூக்கி ஆட்டத்தைப் பார்ப்பார். அந்தப் படம் அருங்காட்சியகத்தில் என் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதுவரை பெஞ்சையே அறியாத மனிதரை உடம்பு தரையில் கிடத்தி ஆட்டம் பார்க்கவைத்தது. கோச் பேர்ட் அங்கேதான் பிறந்திருக்கவேண்டும் என்பது என் ஊகம். 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய கையோடு ஓய்வு பெற்றார்.

இண்டியானாபோலிஸ்

டெர் ஹோட்டிலிருந்து கிழக்கே போகப்போக நிலம் தட்டையானது. மக்காச்சோளம் கண்ணுக்கு எட்டிய மட்டும் காய்ந்து நின்றது. எங்கள் பக்கத்திலும் மக்காச்சோளம் உண்டு, ஆனால் பத்து ஏக்கருக்குள் நாலு வரப்பும் இரண்டு கிணறும் ஒரு வழக்கும் இருக்கும். இங்கே ஒரே ஒரு அறுவடை இயந்திரம் தூசி கிளப்பிக்கொண்டு போனது. மனித நடமாட்டம் வேறு இல்லை.

நகரத்தில் முதலில் ஹிங்கிள் அரங்கத்துக்குப் போனோம். 1928இல் பட்லர் பல்கலைக்கழகம் கட்டியது. உயரமான ஜன்னல்கள் வழியாகப் பிற்பகல் வெயில் மரத்தரையில் நீள நீளமாக விழுந்திருந்தது. 1954இல் 161 பிள்ளைகள் மட்டும் படித்த மைலன் என்ற கிராமத்துப் பள்ளி, மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியைக் கடைசி வினாடியில் 32க்கு 30 என்று சாய்த்தது இந்தத் தரையில்தான். மறுவருஷம் கறுப்பின மாணவர்களுக்கென்றே இருந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளி, ஆஸ்கர் ராபர்ட்சனின் ஆட்டத்தில் மாநிலக் கோப்பையை வாங்கியது. மைலன் கதைக்கு ஹாலிவுட் படம் கிடைத்தது. அட்டக்ஸ் கதை அதைவிடப் பெரியது என்பேன்.

கேலரியில் பேரனோடு உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா பேச்சுக் கொடுத்தார். இந்த நகரத்து என்.பி.ஏ. அணியான பேஸர்ஸின் பழைய மார்க்கெட் ஸ்கொயர் அரங்கத்துக்கு வருஷக்கணக்காகப் பருவச் சீட்டு வைத்திருந்தவர். எல்விஸ் பிரெஸ்லி கடைசியாகப் பாடியதும் அந்த அரங்கத்தில்தான், 1977இல். 2001இல் வெடிவைத்து இடித்துவிட்டார்கள்.

“பேர்ட் வந்தபோது நாங்கள் என்ன நினைத்தோம் தெரியுமா? சீட்டு விற்க ஆள் பிடித்திருக்கிறார்கள் என்று.”

நினைத்ததில் தப்பில்லை. 1997இல் பேஸர்ஸ் பொறுப்பை ஏற்றபோது பேர்ட் ஒரு பள்ளிக்கூட அணிக்குக்கூடப் பயிற்சி தந்தவர் இல்லை. அணி முந்தைய பருவத்தில் 39 வென்று 43 தோற்றிருந்தது. அவர் செய்த முதல் காரியம், தனக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கொடுத்தது. தாக்குதல் வகுப்பது ரிக் கார்லைல், தற்காப்பு டிக் ஹார்ட்டர். கார்லைல் பாஸ்டனில் பேர்டோடு அதிகம் ஆடாமல் பெஞ்சில் இருந்தவர். டைம் அவுட்டில் பலகையை எடுத்துப் படம் போடுவது அவர்தான். பேர்ட் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். தன் பெயருக்கு முன்னால் ஆயிரம் பட்டம் இருக்கும்போது, இன்னொருவன் பேசட்டும் என்று வாயை மூடிக்கொண்டு நிற்க எத்தனை பேரால் முடியும்?

தனக்கென்று அவர் வைத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று உடம்பு: பயிற்சி முகாமில் ஓடவிட்டே ஆட்களைக் காய்ச்சி எடுத்தார். இன்னொன்று நேரம். இரண்டு ஆட்டக்காரர்கள் சில நிமிஷம் தாமதமாக விமான நிலையத்துக்கு வந்தபோது, விமானம் அவர்களை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “அப்புறம் யாரும் லேட்டாக வரவில்லை” என்று தாத்தா சிரித்தார். முந்தைய கோச்சின் கீழ் ஓரங்கட்டப்பட்டிருந்த ஜேலன் ரோஸ் பேர்டின் கீழ் மலர்ந்தார். முதல் பருவத்திலேயே 58 வெற்றி, 24 தோல்வி. ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் பட்டம் 1998இல் வந்தது.

தாத்தா நேரில் பார்த்த ஆட்டம் ஒன்றைப் பற்றி எழுந்து நின்று நடித்தே காட்டினார். 1998 மே 25, சிகாகோ புல்ஸுக்கு எதிரான தொடரின் நான்காவது ஆட்டம். பேஸர்ஸின் ரெஜி மில்லர் வளைந்து வெளியே ஓடிவந்து மூன்று புள்ளி எறிகிறார். பந்து உள்ளே விழும்போது மீதி 0.7 வினாடி. அரங்கமே எழுந்து குதிக்கிறது. மில்லர் சுழன்று சுழன்று துள்ளுகிறார். கோர்ட் ஓரத்தில் பேர்ட் மட்டும் அசையாமல் நிற்கிறார், பேருந்துக்குக் காத்திருக்கும் முகத்தோடு. தாத்தா அந்த முகத்தை வைத்துக் காட்டினார். பேரனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “கல்நெஞ்சன் என்று திட்டினேன். அடுத்த நொடி ஜோர்டான் எறிந்த பந்து வளையத்தில் பட்டுச் சுற்றி வெளியே விழுந்தது. அப்போதுதான் புரிந்தது, ஆட்டம் முடியவில்லை என்று அந்த அரங்கத்தில் அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.” பேஸர்ஸ் 96க்கு 94 என்று ஜெயித்தது. ஆனால் தொடரின் ஏழாவது ஆட்டத்தை 88க்கு 83 என்று சிகாகோ எடுத்துக்கொண்டது.

“மாமா, இவரு நம்ம ஊர்க் கேலரில உக்காந்திருந்தா பொருத்தமா இருக்கும்” என்று மருமகன் காதில் சொன்னான்.

சாயங்காலம் நகர மையத்தில் உள்ள புதிய அரங்கத்தைச் சுற்றி நடந்தோம். 1999இல் திறந்தது, செங்கல்லும் வளைந்த கூரையுமாக, ஹிங்கிள் போன்ற பழைய அரங்கங்களின் சாயலில் கட்டியிருக்கிறார்கள். திறந்த முதல் பருவத்திலேயே பேர்ட் அணியை என்.பி.ஏ. இறுதிக்குக் கொண்டுபோனார். லேக்கர்ஸ் 4க்கு 2 என்று வென்றது. அந்தப் பக்கத்துக் கோச் பில் ஜாக்சன், ஆடிய காலத்தில் பெரும்பாலும் மாற்று ஆளாக இறங்கியவர்.

சேரும்போதே மூன்று வருஷம்தான் இருப்பேன் என்று பேர்ட் சொல்லியிருந்தார். மூன்று வருஷத்துக்குமேல் ஆட்டக்காரர்கள் கோச்சின் குரலுக்குக் காது கொடுக்கமாட்டார்கள் என்பது பாஸ்டனில் அவர் பார்த்துத் தெரிந்துகொண்டது. இதயத்துடிப்பு சீரில்லாத தொல்லையும் இருந்தது. இறுதிவரை போன அணி, சொந்த மாநிலம், கேட்ட சம்பளம் தர முதலாளிகள் தயார். சொன்ன தேதிக்குக் கிளம்பிவிட்டார். 2003இல் நிர்வாகியாகத் திரும்பி வந்து, அதே வருஷம் கார்லைலையே கோச்சாக்கினார். கார்லைல் இடையில் டல்லஸ் அணிக்கு 2011இல் கோப்பை வாங்கித் தந்து, 2021இல் மறுபடி இங்கே வந்து, 2025இல் பேஸர்ஸை இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம்வரை கொண்டுபோயிருக்கிறார்.

பேர்டின் பயிற்சியாளர் கணக்கு மூன்று பருவங்கள், 147 வெற்றி, 67 தோல்வி. அதற்குப் பிறகு அவர் எந்த அணிக்கும் கோச்சாக இருந்ததில்லை.